நெஞ்சில் கட்டியிருந்தது

முத்துப்பேட்டையிலிருந்து கரைக்குப் போகிற சாலையில் யாரை நிறுத்தி "எறா அஞ்சம்மா வீடு எது" என்று கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. காலேஜ் வரை படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். தலையில் கூடை வைத்து மீன் விற்றவள் நான். வெளிநாட்டுக்கு இறால் அனுப்புகிற கம்பெனிக்காரர்கள் காரைப் போட்டுக்கொண்டு நம் கரைக்கு வந்தபோது ஆம்பிளைகள் எல்லாம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் போய்க் கார் கதவைத் தட்டினேன். "எறா வேணும்னா என்கிட்ட பேசு" என்றேன். ஏலத்தில் என் குரலுக்கு மேல் ஒரு குரல் எழும்பியதில்லை. என் இறால் கடல் தாண்டிய பிறகுதான் என் மகள் கடல் தாண்டினாள்.

மகள் பெயர் தமிழரசி. ஒரே பிள்ளை. அவள் அப்பா மஞ்சக்காமாலையில் போனபோது இடுப்புக் குழந்தை. மலேசியாவில் கிள்ளான் என்கிற ஊரில் துறைமுகத்து வேலையில் இருக்கிற மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தேன். நகை எவ்வளவு போட்டேன் என்று இங்கே எழுத வேண்டாம், ஊருக்கே தெரியும்.

இவ்வளவு வாய் உள்ளவளுக்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அதனால் உயிரே போகப் பார்த்தது. எனக்கு உடம்பு தேறிவிட்டது. தேறியவள் சொன்னால்தான் நாலு பேர் கேட்பார்கள் என்று இதை எழுதுகிறேன்.

குளிக்கும்போதுதான் கையில் பட்டது. இடது பக்கம், புளியங்கொட்டை மாதிரி. வலி இல்லை. அமுக்கினால் நகரவில்லை. நான் எதையும் தள்ளிப்போடுகிறவள் இல்லை. அந்த வாரமே எங்கள் பக்கத்து டாக்டரிடம் போனேன். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். அவர் பேரில் எனக்கு வருத்தம் இல்லை.

"என்னம்மா செய்யுது?"

"நெஞ்சுல கட்டியிருக்குங்க."

"சளியா? இருமல் இருக்கா?"

நான் சொன்னது கட்டி, இருக்கு. இரண்டு வார்த்தை. அவர் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. எழுதுகிறபோது நடுவில் இடம் விடலாம். வாயில் இடம் ஏது? நெஞ்சு என்று நான் சொன்னதும் வேறு ஒன்றைத்தான். ஆம்பிளை டாக்டர், பக்கத்தில் கம்பவுண்டர், கதவுக்கு வெளியே என் சரக்கு ஏற்றுகிற லாரி டிரைவர் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறான். நெஞ்சு என்று சொன்னால் புரிந்துகொள்ள வேண்டியதுதானே?

"இருமுங்க," என்றார். இருமினேன். என்ன செய்வது, இருமச் சொன்னால் இருமல் வரத்தான் செய்யும். முதுகில் குழலை வைத்துக் கேட்டார். சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். இனிப்பாக இருந்தது. தீரத் தீர வாங்கிக் குடித்தேன். புளியங்கொட்டை எலுமிச்சம்பழம் ஆகிற வரைக்கும் குடித்தேன்.

சளி கரையவில்லை என்று நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நெஞ்சு கண்ணாடியாட்டம் இருக்கும்மா. சளின்னு ஒரு பொட்டு கிடையாது. எங்க கட்டியிருக்குங்கிறீங்க?"

நான் முந்தானைக்கு மேலே கையை வைத்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "சிஸ்டர்!" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

தஞ்சாவூருக்குப் போகச் சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரி. வெளி நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என்னைச் சுற்றி எல்லோரும் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். ஒரு நோயாளிக்கு நாலு பேர். ஒருத்தி தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டு, ஒருத்தன் சீட்டைப் பிடித்துக்கொண்டு. என் பக்கத்தில் என் பை. எந்த ஜன்னலுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"கூட யாரு?"

"நான்தான்."

"பேஷண்ட் யாரு?"

"அதுவும் நான்தான்."

சீசன் நேரம். என் ஆட்களை ஒருத்தரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வந்தால் அங்கே ஐஸ் யார் போடுவது? அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் படுத்துப் பார்த்தவர்கள் அந்தக் கரையில் இல்லை, இனியும் இருக்கக்கூடாது.

பரிசோதனைகளைப் பற்றிச் சொல்கிறேன், பயப்படுகிறவர்களுக்கு ஆகும். முதலில் ஒரு ஊசியைக் கட்டிக்குள் விட்டு உறிஞ்சி, கண்ணாடியில் தடவிப் பார்ப்பார்கள். எறும்பு கடித்த மாதிரி. மேமோகிராம் என்று ஒன்று. மாரை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து நசுக்கிப் படம் எடுப்பது. அதுதான் வலி, ஆனால் வாயில் வெற்றிலை மெல்லுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். பயாப்சி என்றால் ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பார்ப்பது. எல்லாவற்றையும் விடக் கொடுமை முடிவு வருகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. மேலே ஓடுகிற மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று இறக்கைதான் இருக்கும், இருந்தாலும் எண்ணினேன்.

அங்கே பார்த்தது டாக்டரம்மா. சுற்றி வளைக்காத பெண்பிள்ளை. எனக்குப் பிடித்தது.

"புத்துநோய்தாம்மா. மாரை எடுக்கணும். அக்குள் வரைக்கும் போயிருக்கு. அப்புறம் மருந்து ஏத்தணும், கரண்ட் வைக்கணும், ரேடியேஷன்னு சொல்லுவாங்களே, அது. பொழச்சுக்கலாம். உங்க அம்மாவுக்கு இது மாதிரி எதுவும் இருந்துச்சா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பாவாடை கட்டுகிற வயசில் அம்மா செத்துப் போனாள். நெஞ்சுப் புண் என்று சொன்னார்கள். வேப்பிலை அரைத்துக் கட்டியிருந்த துணியைப் பார்த்திருக்கிறேன். அந்த நாற்றம் மூக்கில் வந்தது.

"பொம்பளப் பிள்ளை இருக்கா உங்களுக்கு?"

"ஒண்ணுதாங்க. மலேசியாவுல இருக்கு."

"உங்க அம்மா, அப்புறம் நீங்க. எல்லாருக்கும் வந்துரும்னு சொல்லல. ஆனா அந்தப் பொண்ணு உடனே போயிப் பாத்துக்கணும். சின்னதா இருக்கையிலேயே பிடிச்சாத்தான் சுளுவு. போன் போட்டுச் சொல்லிருங்க."

"சொல்லிடுறேங்க."

சொல்லவில்லை. அந்த வாரம் தமிழரசி பேசினாள். மூட்டு வலிக்குத் தஞ்சாவூர் வந்திருக்கிறேன் என்றேன். "நல்ல டாக்டரா பாரும்மா, காசைப் பாக்காத," என்றாள். காசு இருந்தது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒருத்தரிடமும் நான் கை நீட்டவில்லை. நீட்டத் தெரியாதது காசுக்கு மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அறுவைக்கு முன்னால் சொந்தக்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும். நானே போடுகிறேன் என்றேன். நர்ஸ் சிரித்தாள். "நீங்க செத்துட்டா நாங்க யாரைம்மா கேக்குறது?" பக்கத்துப் படுக்கையில் பாபநாசத்து கதீஜா பீவி. அவளுக்கும் இதே வியாதி, எனக்கு முன்னால் அறுத்துக்கொண்டவள். மகன் சவுதியில், கூட அவள் தங்கை இருந்தாள். கதீஜா தன் தங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"போயிப் போடுடி. அஞ்சம்மா அக்கா உனக்கும் அக்காதான்."

நர்ஸ் அந்தத் தங்கையின் புர்காவைப் பார்த்தாள், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். "தங்கச்சியா?"

"ஆமாங்க, தங்கச்சிதான்," என்றாள் அந்தப் பெண், கண்ணைக் கூடச் சிமிட்டாமல். பெரிய பெரிய வியாபாரிகள் எனக்காகப் பேசியிருக்கிறார்கள். அப்படி ஒரு பொய்யை எனக்காக யாரும் சொன்னதில்லை.

கண் விழித்தபோது மாரில் ஒரு பக்கம் தரையாக இருந்தது. விலாவிலிருந்து ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு பை, பையில் சிவப்புத் தண்ணீர். அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டே கழிப்பறைக்கு நடக்க வேண்டும். இடது கையைத் தூக்க முடியவில்லை. கூடை தூக்கிய கை. பார்வையாளர் நேரம் வந்தால் வார்டு திருவிழாவாகிவிடும். டிபன் கேரியர்கள் திறக்கிற சத்தம், ரசத்தின் மணம், பிள்ளைகளின் அழுகை. நான் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வேன். கதீஜா விடமாட்டாள்.

"அக்கா, நடிக்காதீங்க. கஞ்சி ஆறுது."

என் மேனேஜர் ஒருநாள் பழத்தோடு வந்து நின்றார். "சரக்கை யாரு பாக்குறா?" என்று கத்தி அனுப்பினேன். அவர் போன பிறகு அந்தப் பழத்தைத் தொடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் அந்த ஆள்.

பிறகு கீமோ. பாட்டிலில் மருந்தை வைத்து நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அது கெட்டதைக் கொல்லும், கூடவே கொஞ்சம் நல்லதையும் கொல்லும். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாந்தி வருகிறது. எனக்கு மீன் நாற்றம் தாங்கமுடியாமல் போய்விட்டது. யாரோ வறுத்த நெத்திலி கொண்டுவந்தார்கள், வாளியைத் தேடினேன். நெத்திலி தின்று வளர்ந்த உடம்பு எனக்கே அந்நியமாகிவிட்டது. தலை சீவினால் சீப்போடு வந்தது. ஒருநாள் ஆயாவைக் கூப்பிட்டு மழித்துவிடச் சொன்னேன். கொட்டுகிறதை வேடிக்கை பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

அந்த நாட்களில்தான் ஒரு பெண் டேப் ரெக்கார்டரோடு வந்தாள். பெயர் மீனலோசனி. மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், அங்கே பெரிய படிப்புப் படிக்கிறவள். சுடிதார், தோளில் பை, பேச்சில் ஒரு இழுப்பு.

"அம்மா, நான் கேக்குறது பிடிச்சா பதில் சொல்லுங்க. பிடிக்கலன்னா வேணாம் லா."

"என்ன கேப்ப?"

"எங்க ஊர்ல சீனப் பொம்பளைங்க, மலாய்க்காரங்க, நம்ம தமிழ்ப் பொம்பளைங்க, எல்லாருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மருந்து. வியாதியும் ஒண்ணுதான். ஆனா பொழைக்கிறது ஒரே மாதிரி இல்ல. எந்தச் சாதி சனத்துக்கு என்ன ஆகுது, ஏன் ஆகுதுன்னு பாக்குறோம். நம்ம ஆளுங்க இங்க எப்படி, அங்க எப்படின்னு நான் பாக்குறேன்."

"ரத்தத்துல வித்தியாசமா?"

"கொஞ்சம் ரத்தமா இருக்கலாம். சாப்பாடு, காசு, தூரம், பயம். நம்ம பொம்பளைங்க தாமதமா வர்றாங்கன்னு எல்லாரும் எழுதுறாங்க. ஏன் தாமதம்னு தேடுறோம்."

எனக்குச் சுருக்கென்றது. "யாரு தாமதம்? நான் கையில பட்ட வாரமே போனேன். எழுது அதை!"

பிறகு நடந்ததை முழுக்கச் சொன்னேன். நெஞ்சில் கட்டியிருக்கு என்றது, இருமச் சொன்னது, சிவப்பு மருந்து. கதீஜா பக்கத்துப் படுக்கையில் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இருமுனீங்களாக்கா? நெசமாவே இருமுனீங்களா?" மீனலோசனி சிரிக்கவில்லை. டேப்பை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, அந்த இடத்தை இரண்டு தரம் கேட்டாள்.

"அம்மா, இதை எப்படி இங்கிலீஷ்ல எழுதுறது? லம்ப்னு எழுதினா லம்ப்தான். நீங்க சொன்னது கட்டி, சளின்னு ரெண்டுமா இருக்கே. எங்க ப்ரொஃபசர், அப்ப அவங்க சொல்லிட்டாங்களா, சொல்லலையான்னு கேப்பாரு."

"சொன்னேன்னு எழுது."

"சொன்னீங்க. ஆனா..."

"ஆனா கீனா கிடையாது. சொன்னேன். கேட்டவருக்கு விழல. தாமதம் என் கால்ல இல்ல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெரிய படிப்புப் படித்த ஒருத்தி என் வாயிலிருந்து விழுந்ததை அப்படியே எழுதிக்கொண்டாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எழுதி முடித்து, "பிள்ளைங்க எத்தனைம்மா?" என்றாள்.

"ஒரு மக. உங்க ஊர்லதான். கிள்ளான்."

"பக்கம்தானே! அவங்க போயி செக் பண்ணிட்டாங்களா?"

நான் போர்வையின் ஓரத்தைச் சரி செய்தேன். டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

"அவங்களுக்குத் தெரியாதா?"

"மூட்டு வலின்னு சொல்லியிருக்கேன்."

கதீஜாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண் டேப்பை அணைத்தாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

"அம்மா, நாளைக்கு உங்க மக படுக்கைக்குப் பக்கத்துலயும் நான் இப்படி வந்து உக்காரணுமா?"

யாராவது என்னை அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன்.

மறுநாள் காலை தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தேன். துணைக்கு வருகிறேன் என்றாள் கதீஜாவின் தங்கை. வேண்டாம் என்றேன். பூத்தில் கண்ணாடிக் கதவு உடைந்து கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே பேசுவது வெளியே பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்கும். எல்லோரும் ஆம்பிளைகள். நம்பர் போட்டேன். மணி அடித்தது. எடுத்தது மாப்பிள்ளை.

இதை மட்டும் நான் நினைக்கவே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளை முன்னால் நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"அத்தை! சொல்லுங்க. தமிழு ஷிப்டுக்குப் போயிருச்சே. நான்தான் பாப்பாவை மத்தியான ஸ்கூலுக்குக் கிளப்புறேன்."

"சாயங்காலம் பேசுறேங்க மாப்பிள்ளை."

"குரலு ஒரு மாதிரி இருக்கே. எதுவும் விஷயமா அத்தை?"

வைத்துவிடலாம். சாயங்காலம் பேசலாம். சாயங்காலம் வாந்தியில் எழுந்திருக்க முடியாமல் போகும், நாளைக்கு என்று தோன்றும். என்னை எனக்குத் தெரியும்.

"உடம்பு சரியில்லீங்க. வந்து... நெஞ்சுல..."

"நெஞ்சுலயா? ஹார்ட்டா அத்தை? இசிஜி எடுத்தாங்களா?"

பெஞ்சில் இருந்த ஒருத்தர் பேப்பரைத் தாழ்த்தினார். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, ஏலத்தில் கேட்கிற குரலை எடுத்தேன். வேறு குரல் எனக்கு வரவில்லை.

"மாப்பிள்ளை, காதைக் கொடுத்துக் கேளுங்க, ஒரு தடவைதான் சொல்லுவேன். ஹார்ட் இல்ல. என் மாருல கட்டி. புத்து. ஒரு மாரை எடுத்துட்டாங்க. எங்க அம்மா செத்ததும் அதுலதான். தமிழரசியைக் கூட்டிக்கிட்டுப் போயி அவ மாரைப் படம் புடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. அவ ஒண்ணும் இல்லம்பா. நீங்க விடாதீங்க."

பெஞ்சில் இருந்தவர் பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார்.  ரொம்பச் சின்னக் குரலில் மாப்பிள்ளை பேசினார்.

"இன்னைக்கே லீவு சொல்லிடுறேன் அத்தை. கூட யாரு இருக்கா உங்களுக்கு?"

அந்தக் கேள்விக்கு எந்த ஜன்னலிலும் தடுமாறாதவள், அன்றைக்குப் போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வார்டுக்குப் போன் வந்தது, நம்பரை என் மேனேஜரிடம் வாங்கியிருக்கிறாள். தமிழரசி அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். "மூட்டு வலின்னியேம்மா! நான் யாரு உனக்கு, கம்பெனிக்காரனா?" டிக்கெட் போட்டு வருகிறேன் என்றாள். முதலில் படம் எடு, முடிவு வந்த பிறகு பேசு என்று சொல்லிவிட்டேன்.

அந்த முடிவுக்குக் காத்திருந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. என் முடிவுக்குக் காத்திருந்தபோது மின்விசிறி இருந்தது. இதற்கு எதைப் பார்ப்பது? இடையில் கதீஜாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது தன் தலையணையை என் படுக்கையில் வைத்துவிட்டு, "அல்லா இருக்கான்க்கா, நல்ல சேதி வரும்," என்றாள். அவள் படுக்கைக்கு வந்தவள் பேச்சில்லாதவள். மீனலோசனியும் ஊருக்குப் போய்விட்டாள். வாந்தி, ஊசி, கஞ்சி, சுவர். ஒருநாளைக்கும் இன்னொரு நாளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நானே பூத்துக்குப் போய்ப் பேசிய ஒரு காலையில் தமிழரசி சொன்னாள்.

"இருந்துச்சும்மா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஆனா அரிசி அளவுதானாம். கையில படவே படாதாம், படத்துலதான் தெரிஞ்சுது. அதை மட்டும் எடுத்துட்டாங்க. அக்குள்ல ஒண்ணும் இல்ல. உனக்குப் பயம்னு எல்லாம் முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன்."

"மாரு?"

"இருக்கும்மா. கரண்ட் வைக்கணும், மாத்திரை சாப்பிடணும். கீமோ வேணாம்னுட்டாங்க."

"முடி?"

"முடியெல்லாம் கொட்டாதும்மா." பிறகு, "உனக்கு?" என்றாள்.

"எனக்குக் கொஞ்சம்தான் கொட்டுச்சு," என்றேன், முந்தானையை மொட்டைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு.

கரண்ட் முடிகிற வரைக்கும் அவளால் வரமுடியாது. வரவேண்டாம் என்றேன். என் ரத்தம்தான் அவளுக்கும். எனக்கு ஒரு மார் போனது, அவளுக்கு ஒரு அரிசி போனது. ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளட்டும், இனாமாகவே தருகிறேன்.

வார்டுக்குத் திரும்பி நடந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சேதி எனக்கு வந்ததில்லை. என் முதல் சரக்கு கப்பல் ஏறிய அன்று கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னவள் நான். இதை யாரிடம் சொல்வது? பக்கத்துப் படுக்கைக்காரி முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். நர்ஸ் மாறியிருந்தாள், புதியவள். வராந்தாவில் பன் விற்கிறவர் கூடையோடு வந்துகொண்டிருந்தார்.

"என் மக பொழச்சுக்கிட்டாய்யா," என்றேன்.

"சரிங்கம்மா," என்றார். "பன்னா, ரொட்டியா?"

கூடையோடு எல்லாவற்றையும் வாங்கினேன். வார்டில் படுக்கை படுக்கையாகக் கொண்டுபோய், வலது கையால் ஒவ்வொருத்திக்கும் ஒன்று வைத்தேன். வாங்கிக்கொண்டார்கள், சிலர் கும்பிட்டார்கள். எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை.